தெருவைக் கட்டிய கலைஞர்

1961 நவம்பரில் ஹாலிவுட் கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட் அலபாமா மாநிலத்து மன்ரோவில் என்ற சிற்றூருக்குப் போனார். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயின் ஊர். லீயே உடன் வந்து ஊரைச் சுற்றிக் காட்டினார். மரவீடுகள் செங்கல் தூண்களின் மேல் நிற்பதையும், ஏறக்குறைய எல்லாத் திண்ணையிலும் ஊஞ்சல் தொங்குவதையும் பம்ஸ்டெட் குறித்துக்கொண்டார். வீடுகளில் தபால் பெட்டி இல்லை. கடிதம் வாங்க மக்கள் அஞ்சலகத்துக்கே போகிறார்கள் என்பதுகூட அவர் கண்ணில் பட்டது.

பிறகு அந்த நாவலின் திரைப்படத்துக்காக அந்த ஊரைப் போன்ற ஒரு தெரு கலிஃபோர்னியாவில், யூனிவர்சல் ஸ்டுடியோவின் திறந்தவெளியில் எழுந்தது. இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை வாங்கிப் பெயர்த்துவந்து நிறுத்தினார்கள். புது மரத்துக்கு எவ்வளவு சாயம் பூசினாலும் வராத முதுமை அவற்றில் இருந்தது. பார்வையாளர்களில் பலர் அது அலபாமாவிலேயே எடுத்த படம் என்று நம்பினார்கள். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாம் கலை இயக்குநர் என்று அழைப்பவரின் வேலையைத்தான் ஹாலிவுட்டில் புரொடக்‌ஷன் டிசைனர் செய்கிறார். கதையைப் படித்து, இடம் தேடி, படம் வரைந்து, செலவுக் கணக்குப் போட்டு, தச்சர்களையும் பெயின்டர்களையும் வழிநடத்துவார். கேமரா எங்கே நிற்கும், நடிகர் எந்தக் கதவால் வருவார் என்பதில் பாதி அவருடைய வரைபடத்திலேயே முடிவாகிவிடும்.

ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' (1958) படத்துக்கும் பம்ஸ்டெட்தான் கலை இயக்குநர். அதில் கதாநாயகனுக்கு உயரம் என்றால் தலைசுற்றும். மணிக்கூண்டின் படிக்கட்டில் அவன் கீழே பார்க்கும்போது ஆழம் கண்முன்னே நீள்கிறது. கேமராவை அந்தரத்தில் தூக்கி நிறுத்தப் பெருஞ்செலவாகும் என்பதால், படிக்கட்டின் சிறிய மாதிரியைச் செய்து படுக்கைவசத்தில் கிடத்தினார்கள். கேமராவின் நகர்வையும் ஜூம் லென்ஸையும் ஒரே நேரத்தில் எதிரெதிராக இயக்கினார்கள். அந்தக் காட்சி நடக்கும் சான் ஹுவான் பௌடிஸ்டா தேவாலயத்தில் அப்போது மணிக்கூண்டே கிடையாது!

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'ஹை பிளெயின்ஸ் டிரிஃப்டர்' (1973) படத்துக்காக மோனோ ஏரிக்கரையில் 18 நாளில் ஓர் ஊரையே கட்டினார். வெறும் முகப்புச் சுவர்கள் இல்லை. உள்ளறைகளோடு கூடிய முழு வீடுகள். அதனால் உள்காட்சிகளையும் அங்கேயே எடுக்க முடிந்தது.

'மாக்கிங்பேர்ட்' படத்துக்கும் 'தி ஸ்டிங்' படத்துக்கும் ஆஸ்கர் பெற்ற பம்ஸ்டெட் 2006இல் தம் 91ஆம் வயதில் காலமாகும்வரை வேலை செய்தார். ஈஸ்ட்வுட்டின் 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜீமா' அவர் மறைந்த பிறகே வெளிவந்தது. அதில் அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் முராகாமி, ஈஸ்ட்வுட்டின் அடுத்தடுத்த படங்களுக்குப் புரொடக்‌ஷன் டிசைனர் பொறுப்பை ஏற்றார்.