பிடித்த படம் எது? அம்மாவை யாரும் கேட்டதில்லை

மதுரையில் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மழுப்புவார். பிடித்த படம் எது என்று கேட்டால் பக்கத்தில் உட்காரச் சொல்வார். அவர் சொன்ன படத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இன்னொரு டீயும் சொல்வார். விடிய விடியப் பரோட்டாக் கல் சூடு ஆறாத ஊர் இது. செகண்ட் ஷோ விட்டு வருகிற கூட்டம் அந்தக் கல்லைச் சுற்றி நின்று, எது நல்ல படம், எது காலத்துக்கும் நிற்கும் படம் என்று பேசிய பேச்சுக்குக் கணக்கே கிடையாது.

நான் செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். பிறகு பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதை வெட்டிப்பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தனக்கு ஏன் ஒன்று பிடிக்கிறது என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லவும், அடுத்தவர் மறுத்தால் பொறுமையாகக் கேட்கவும் பழகுவது ஒரு படிப்பு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களுக்கும் இந்த ஊரின் டீக்கடை பெஞ்சுகள் அந்தப் படிப்பைக் கொடுத்தன. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை.

1952: மதுரையும் லண்டனும்

1952 தீபாவளிக்கு மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தது. முதல் படம் ‘பராசக்தி’. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசனுக்கு முதல் படம். தியேட்டரில் 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே மார்தட்டிக்கொண்டது.

அதே 1952-இல் லண்டனில் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற திரைப்பட இதழ் விமர்சகர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: இதுவரை வந்தவற்றில் மிகச் சிறந்த படங்கள் எவை? முதலிடம் பிடித்தது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. டி சிகா எடுத்த அந்த இத்தாலியப் படம் வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை அந்த இதழ் இதே கேள்வியைக் கேட்டு வருகிறது. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அசையாமல் முதலிடத்தில் இருந்தது. 2012-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ அதைக் கீழே இறக்கியது.

மதுரைக்காரர்களை எந்த இதழும் கேட்கவில்லை. அவர்கள் டிக்கெட் எடுத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். 1937-இல் வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘சிந்தாமணி’யைத் தயாரித்தவர்கள் மதுரைக்காரர்கள். அந்தப் படம் கொட்டிக்கொடுத்த லாபத்தில் இங்கே ஒரு தியேட்டரே கட்டி அதற்குச் ‘சிந்தாமணி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஊர் தனக்குப் பிடித்த படத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியுமா, தெரியவில்லை. ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்ட் மன்றக் கட்டடத்தில் ரீகல் தியேட்டர் இருந்தது. பகலில் படிப்பகம், பொழுது சாய்ந்தால் ஆங்கிலப் படம். கல்லூரி மாணவர்களின் பட்டியலில் வெளிநாட்டுப் படங்கள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

நாள் கணக்கு வந்த கதை

அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பிரிண்டுகள் கொஞ்சம்தான். மதுரை நகரத்துக்கு ஒரு தியேட்டர், ஒரு பிரிண்ட் என்பதே வழக்கம். நகரத்தில் ஓடி முடித்த பிறகே அது சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போகும். விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மதுரையும் ராமநாதபுரமும் சேர்ந்தது ‘எம்.ஆர். ஏரியா’. ஆகவே ஒரே தியேட்டரில் நூறு நாள், வெள்ளி விழா என்றால் அது ஊரே திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு அத்தாட்சி. ‘கரகாட்டக்காரன்’ 1989-இல் வந்து இந்த ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

வினை தொடங்கியதும் அந்தக் கணக்கில்தான். எம்.ஜி.ஆர். ரசிகர்களும் சிவாஜி ரசிகர்களும் படத்தை விட்டுவிட்டு நாளை எண்ண ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அப்பா எம்.ஜி.ஆர். பக்கம். சோழவந்தான் பக்கத்திலிருந்து வரும் தாய்மாமா சிவாஜி பக்கம். மாமாவுக்குக் கூடுதல் பெருமை ஒன்று உண்டு. 1972-இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வின் கதை நடப்பது சோழவந்தானில்.

“நாடோடி மன்னன்ல வாத்தியாரு ரெட்டை வேசம் கட்டி, டைரக்சனும் பண்ணி, கைக்காசையும் போட்டாரு மாப்ள. ஒங்க ஆளு என்னத்தப் போட்டாரு?” என்பார் அப்பா.

“எங்க ஆளு உசுரப் போட்டாரு மச்சான்” என்பார் மாமா.

இதுவரைக்கும் பேச்சு அழகாக இருக்கும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தைத் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தவர் எம்.ஜி.ஆர். பிற்பகுதியைக் கலரில் எடுக்கும் துணிச்சலும் அவருக்கு இருந்தது. ஒருவர் உழைப்பையும் துணிச்சலையும் மெச்சினார். மற்றவர் நடிப்பில் ஒருவன் தன்னையே கொடுத்துவிடுவதை மெச்சினார். அந்த இடத்திலேயே நின்று பேசியிருந்தால் இரண்டு பேரும் நிறையச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அடுத்த வாக்கியத்தில் எந்தத் தியேட்டர், எத்தனை நாள் என்று இறங்கிவிடுவார்கள். குரல் உயரும். மாமா சாப்பிடாமல் கிளம்பிய நாளும் உண்டு.

டிஜிட்டல் திரையிடல் வந்த பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. நூறு நாள் என்ற பேச்சு போய்விட்டது. அதன் இடத்தில் வசூல் கோடி வந்து உட்கார்ந்திருக்கிறது. நாளோ கோடியோ, எண் வந்த இடத்தில் காரணம் சொல்லும் பழக்கம் செத்துப்போகிறது.

எந்த வயதில் பார்த்தோம்?

மனதில் முதலிடம் பிடிக்கும் படம் பெரும்பாலும் இளவயதில் பார்த்ததாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையே முதுமையிலும் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டுகளை வைத்து ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், இருபதுகளின் நடுவில் கேட்ட பாட்டுகளின் மேல்தான் மக்களுக்கு விருப்பம் உச்சமாக இருந்தது. முதல் சம்பளம், முதல் காதல், வீட்டை விட்டுத் தனியாகப் போன முதல் பயணம் எல்லாம் அந்த வயதில்தான். படமும் அவற்றோடு சேர்ந்தே மனதில் பதிகிறது.

என் படம் ‘உதிரிப்பூக்கள்’. 1979-இல் வந்தது, மகேந்திரன் இயக்கம், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை ஒட்டிய கதை. வைகைக்கரையில் அம்மாச்சி ஊருக்குப் பக்கத்து டூரிங் டாக்கீஸில், மணல் தரையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். பட்டணத்தில் ஓடி முடிந்து வெகு நாள் கழித்து வந்த பிரிண்ட். மனைவியைச் சொல்லாலேயே வதைக்கும் ஒருவனைக் கடைசியில் ஊரார் ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்று அவன் வருந்துகிறான். கரையில் அவன் பிள்ளைகள் நிற்கிறார்கள். கெட்டவன் செத்தால் கைதட்டிப் பழகிய கொட்டகையில் அன்றைக்கு ஒரு கையும் தட்டவில்லை. தண்டனையைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாமல் செய்த முதல் படம் எனக்கு அதுதான். அதனாலேயே அது என் படம்.

என் மகளின் படம் ‘சுப்ரமணியபுரம்’. 2008-இல் சசிகுமார் எடுத்தது, 1980-இன் மதுரை. தியேட்டரில் ‘முரட்டுக்காளை’ கொண்டாட்டம், தெருவோரப் பேச்சு என்று பையன்கள் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். மகள் சொன்ன காரணம் வேறு. குடும்பத்தாரின் நெருக்கடியில் துளசி தன் காதலனைச் சாவுக்குக் காட்டிக்கொடுக்கும் இடம். “துரோகின்னு எல்லாரும் ஈசியாச் சொல்றாங்கம்மா. அந்தப் பொண்ணுகிட்ட அந்த வீட்டுல ஒருத்தராச்சும் உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்களா?” என்றாள். அன்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தப் படத்தின் ரத்தம் இன்றும் ஒவ்வாது. ஆனால் அவள் காட்டிய பிறகுதான் துளசியை நான் பார்த்தேன்.

கேட்கும் ஆள் மாறினால்

‘டைம்’ பத்திரிகை 2005-இல் எக்காலத்துக்குமான நூறு படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் மணிரத்னத்தின் ‘நாயகன்’ இருந்ததை நாம் எல்லோரும் பெருமையாகப் பேசினோம். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் இரண்டே இரண்டு விமர்சகர்கள். இரண்டு பேரின் ரசனை அது. வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் வேறு பட்டியல்.

‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழிலும் இதுதான் நடந்தது. 2012-இல் வாக்களித்தவர்கள் 846 பேர். 2022-இல் வலையை அகல விரித்து 1,639 பேரைக் கேட்டார்கள். முதலிடத்துக்கு வந்தது ‘ஷான் டீல்மன்’ என்ற 1975-ஆம் வருடப் படம். பெல்ஜியம் நாட்டு ஷாந்தால் அகெர்மான் இயக்கியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், சமைக்கிறாள், படுக்கையைத் தட்டிப் போடுகிறாள். எழுபது வருடத்தில் அந்த இடத்துக்கு வந்த, ஒரு பெண் எடுத்த முதல் படம் அது. பழைய படங்கள் தரம் குறைந்துவிடவில்லை. கேட்கப்பட்டவர்கள் மாறினார்கள்.

மதுரையிலும் ஒருவர் ஆள் மாற்றிக் கேட்டார். அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து தங்கி, ஏழை எளிய மக்களிடம் என்ன படம் பார்க்கிறீர்கள், ஏன் பார்க்கிறீர்கள் என்று விசாரித்து 1993-இல் ஒரு நூலாக்கினார். நம் தறிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் சொல்லும் காரணத்தைக் கேட்டு எழுத அவ்வளவு தூரத்திலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அம்மாவை நான் கேட்டபோது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. சற்றும் யோசிக்காமல் ‘அவள் ஒரு தொடர்கதை’ என்றாள். 1974-இல் பாலச்சந்தர் எடுத்தது. சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கும் கவிதாவாக சுஜாதா. கல்யாணம் கைகூடும் நேரத்தில் அண்ணன் செத்துப்போக, பாரம் மறுபடி அவள் தோளுக்கே வருகிறது.

“எதுக்கும்மா அந்தப் படம்?”

“கடைசில அந்தப் புள்ள மறுபடி வேலைக்குக் கெளம்பிப் போகும்ல. அதுக்குத்தான். நானும் தார் சுத்துன காச எண்ணித்தான ஒங்களப் படிக்க வச்சேன்.”

“இத ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?”

“யாரு கேட்டீங்க? ஒங்க அப்பாவும் மாமாவும் பேசுறப்ப நான் டீ போட்டுக்கிட்டு இருந்தேன்.”

தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொடுப்பது செல்லூர் வீடுகளில் பெண்களின் வேலை. நெய்தவருக்குக் கூலி என்றும் சுற்றியவருக்குச் செலவுக்காசு என்றும் பெயர். அத்தையோடும் மதினியோடும் மேட்னி ஷோ போய்விட்டு, விளக்கு வைப்பதற்குள் அடுப்படிக்குத் திரும்பியவர்கள் அவர்கள். எங்கள் வீட்டில் வருடக்கணக்காக நடந்த வாதத்தில் ஒரு படத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான்.

எப்படிக் கேட்பது?

வகுப்பில் ‘எனக்குப் பிடித்த படம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வேன். பிள்ளைகள் நடிகர் பெயரையும் பட்டத்தையும் எழுதி நிரப்புவார்கள். பிறகு கேள்வியை மாற்றினேன். எந்தக் காட்சி? எங்கே, யாரோடு பார்த்தாய்? அந்தக் காட்சி உனக்கு என்ன செய்தது? தாள்கள் மாறிவிட்டன. அப்பா இறந்த வருடத்தில் டிவியில் பார்த்த படம், தாத்தா தோளில் உட்கார்ந்து திருவிழாத் திரையில் பார்த்த படம் என்று எழுதினார்கள். இயக்கத்தைப் பற்றி, பின்னணி இசையைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவது எளிதாக இருந்தது. காட்சியைப் பிடித்துப் பேசுகிறவரோடு எவ்வளவு கடுமையாகவும் வாதாடலாம், உறவு முறியாது. அவருக்குப் பிடித்த படத்தை நாம் மறுக்கும்போது அவருடைய வாழ்க்கையையும் தொடுகிறோம் என்ற நினைப்பு மட்டும் இருந்தால் போதும்.

தங்கம் தியேட்டர் இன்று இல்லை. அங்கே ஜவுளிக்கடை நிற்கிறது. கட்டடத்தைத் திரும்பக் கொண்டுவர நம்மால் ஆகாது. அதில் படம் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த வாரம் உங்கள் அம்மாவை, அத்தையை, அப்பத்தாவை உட்காரவைத்துக் கேளுங்கள்: உனக்குப் பிடித்த படம் எது, எந்தக் காட்சி, ஏன்? டீயை நீங்கள் போடுங்கள். அவர்கள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் காரணம் சொல்லி வாதாடுங்கள். அவர்கள் அதற்காகத்தான் இவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள்.