மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்வியும் நவீனமயமாக்கமும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் 1978 முதல் தொழிற்கல்விப் பிரிவு இயங்கி வருகிறது. இந்தியாவின் முதன்மையான உற்பத்தி மண்டலங்களுள் ஒன்றான ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியின் தேவைகளோடு இப்பிரிவை ஒப்பிட்டு, நவீனமயமாக்கம் என்பது எதைக் குறிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புதிய இயந்திரங்களை வாங்குவது மட்டும் நவீனமயமாக்கம் ஆகாது. அடிப்படைக் கோட்பாடு, ஆசிரியர், உயர்கல்விக்கான வழி ஆகிய மூன்றும் இணைந்தே அதனை நிறைவு செய்யும் என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொழிற்கல்வி, மேல்நிலைக் கல்வி, தொழிற்பழகுநர், ஒரகடம், மண்ணூர்.

முன்னுரை

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்த மண்ணூரும் அதன் அண்டை ஊர்களும் ஏரிப்பாசன வேளாண்மையை நம்பியிருந்தவை. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை அமைந்தபின் இப்பகுதியின் முகம் மாறியது. 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்திற்கு ஏற்ப உள்ளூர்ப் பள்ளியின் தொழிற்கல்வி மாறியதா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

தொழிற்கல்வியின் வரலாற்றுச் சுமை

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி பற்றிய எந்த விவாதமும் 1953ஆம் ஆண்டை ஒதுக்கிவிட்டு நடைபெற இயலாது. அவ்வாண்டு இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம், சிற்றூர்க் குழந்தைகள் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என எதிர்க்கப்பட்ட அது, 1954இல் காமராசர் முதலமைச்சரான பின்னர்க் கைவிடப்பட்டது. ‘கைத்தொழில் ஒரு சாராருக்கு, ஏட்டுக்கல்வி மற்றொரு சாராருக்கு’ என்ற பிரிவினை மீண்டும் வந்துவிடுமோ என்ற ஐயம் அன்று முதல் இம்மண்ணில் நிலைத்துள்ளது. இந்த ஐயம் நியாயமானது. இதற்கு விடை கூறாத தொழிற்கல்வித் திட்டம் எதுவும் பெற்றோரின் நம்பிக்கையைப் பெறாது.

கோத்தாரிக் கல்விக்குழு (1964–66) பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய மாணவருள் பாதிப்பேர் தொழிற்கல்வி பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை இவ்விலக்கை 1990க்குள் 10 விழுக்காடு, 1995க்குள் 25 விழுக்காடு எனக் குறைத்தது. 1992இல் அந்தக் கால எல்லைகளும் முறையே 1995, 2000 எனத் தள்ளிவைக்கப்பட்டன. இலக்குகள் தேய்ந்த இவ்வரலாறு, தொழிற்கல்வி பொதுக்கல்விக்கு இணையாக ஏற்கப்படாமையைக் காட்டுகிறது.

பாடத்திட்டமும் பணித்தளமும்

தற்போதைய மேல்நிலைத் தொழிற்கல்வியில் அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், மின்னணுவியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், செவிலியம், வேளாண் அறிவியல் உள்ளிட்ட பாடங்கள் உள்ளன. முதல் நான்கும் மண்ணூர்ப் பகுதியின் ஆலைகளோடு நேரடித் தொடர்புடையவை. ஆயினும் பள்ளிப் பணிமனையின் கடைசல் இயந்திரத்திற்கும் ஆலையின் கணினிவழிக் கட்டுப்பாட்டு இயந்திரத்திற்கும் இடைவெளி பெரிது.

இவ்விடைவெளியைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல் தேவை. கையால் இயக்கும் கடைசல் இயந்திரம் காலாவதியான கருவி அன்று. வெட்டு வேகம், வெட்டுளி நகரும் அளவு, அனுமதிக்கத்தக்க அளவு வேறுபாடு ஆகியவற்றை மாணவர் கண்ணாலும் கையாலும் உணர்வது அதில்தான். கணினி இயந்திரத்திற்கு நிரல் எழுதும்போது அவர் உள்ளிடும் எண்களும் இவையே. அவ்வாறே ரிலே சுற்றுகளைப் புரிந்துகொண்டவருக்கு, ஆலையின் தானியங்கி வரிசையை இயக்கும் பி.எல்.சி. கருவியின் தருக்கம் எளிதில் விளங்கும். எனவே பழையதை அகற்றிப் புதியதை நிறுவுவதைவிட, பழையதிலிருந்து புதியதற்குப் படிக்கட்டு அமைப்பதே பாடத்திட்டத்தின் பணியாக வேண்டும்.

ஒரே ஆலையின் ஒரே பணிக்கு மட்டும் பயிற்சியளிப்பதன் ஆபத்தை இவ்வழித்தடமே கண்டுள்ளது. எட்டாண்டுகள் இயங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர்கள் வேலையிழந்தனர். கைப்பேசியின் ஒரு பகுதியைப் பொருத்துவது மட்டும் அறிந்தவருக்கு அடுத்த ஆலையில் மதிப்பில்லை. மின்னணுவியல் அடிப்படை அறிந்தவருக்கு உண்டு. ஊர்தித் துறை மின்கலத்திற்கு மாறிவரும் இந்நாளில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது.

வயது, ஆசிரியர், கருவி

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவருக்குப் பெரும்பாலும் 17 வயது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மேல்நிலைத் தொழிற்கல்வி பயின்றோரையும் பழகுநராக ஏற்றது. ஆனால் அபாயமான தொழில்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்துள்ளது. மாணவரின் பாதுகாப்பிற்கு இவ்வரையறை இன்றியமையாதது. அதே வேளையில், இடைப்பட்ட காலத்தில் மாணவர் எங்குச் செல்வது என்பதற்குப் பள்ளியிடம் திட்டம் இல்லையெனில், அவர் பயிற்சி மதிப்பற்ற ஒப்பந்த வேலைக்குள் நழுவுகிறார்.

அடுத்தது ஆசிரியர். ஓய்வுபெறும் தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமையும் அதனால் பிரிவுகள் மூடப்படுவதும் ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிவரும் குறையாகும். கற்பிப்பவர் இல்லாத பணிமனையில் புதிய இயந்திரமும் பூட்டிய அறைப்பொருளே.

கருவிகளைப் பொறுத்தவரை நம்பிக்கைக்கு இடமுண்டு. டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு செயற்படுத்தியது. ஒரகடம் நிலையத்திலும் இம்மையம் 2023இல் திறக்கப்பட்டது. எந்திரன்களும் கணினிவழி இயந்திரங்களும் கொண்ட இத்தகைய மையங்களை, அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரத்தில் ஒருநாள் பயன்படுத்த வழிசெய்தால், பள்ளிதோறும் அவற்றை வாங்க வேண்டியதில்லை. செருமனியின் இரட்டைப் பயிற்சி முறையிலும் சிறு தொழிலகங்களுக்கான பொதுப் பயிற்சி மையங்கள் இத்தேவையையே நிறைவு செய்கின்றன.

மேலேறும் வழி

இலங்கை 2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவைத் தொடங்கியது. அப்பிரிவு பல்கலைக்கழக நுழைவோடு இணைக்கப்பட்டமை கவனத்திற்குரியது. தமிழ்நாட்டிலும் தொழிற்கல்வி மாணவர்க்குப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையும், பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடும் உள்ளன. 2021 முதல் அரசுப்பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் பொறியியல் படிப்பிற்குக் கிடைத்துள்ளது. எனினும் கணிதத்தில் போதிய அடித்தளம் இன்றிச் சேர்பவர், கதவு திறந்திருந்தும் உள்ளே நிலைக்க இயலாதவராகிறார். ஆகவே பணிமனை நேரத்தோடு கணிதத்தையும் மொழித்திறனையும் வலுப்படுத்துதல் சமூகநீதியின் கூறாகும்.

தொகுப்புரை

தொழிற்கல்வியின் நவீனத்தை இயந்திரத்தின் வயதால் மட்டும் அளக்க இயலாது. கற்ற கோட்பாடு ஆலை மாறினாலும் பயன்பட வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர் நிலையாக இருக்க வேண்டும். 17 வயதில் தொழிற்கல்வியைத் தேர்ந்தவர் 27 வயதில் பொறியாளராகும் வழி அடைபடாதிருக்க வேண்டும். மண்ணூரின் நிலத்தில் ஆலைகள் எழுந்தன. அவ்வூரின் பிள்ளைகள் அங்கே ஒப்பந்தத் தொழிலாளராக மட்டும் நுழைவரா, தொழில்நுட்பராகவும் மேற்பார்வையாளராகவும் உயர்வரா என்பதைத் தீர்மானிக்கும் முதல் இடம் ஊர்ப்பள்ளியின் பணிமனையே. 1953இன் ஐயத்திற்கு உரிய விடையும் அங்கிருந்தே வர வேண்டும்.