சைக்கிள் பயிற்சிக்கு ஹார்ட் ரேட் மானிட்டர்: எதை வாங்குவது?

சைக்கிள் பயிற்சியில் உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் நகரியிலிருந்து புத்தூருக்கு எதிர்காற்றில் மிதிப்பவருக்கு மணிக்கு 20 கிலோமீட்டரே மூச்சு வாங்கும். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ள, அதே ஆள் 28-ஐ அலட்டிக்கொள்ளாமல் தொடுவார். பெடலில் இறங்கும் விசையை நேராக அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் குழப்பமில்லை; ஆனால் அதன் விலை பலருடைய சைக்கிளின் விலையையே தாண்டிவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வழி, இதயத்துடிப்பை எண்ணும் ஹார்ட் ரேட் மானிட்டர்.

இந்தக் கருவிகள் இரண்டு வகை. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை, இதயம் சுருங்கும்போது தோல்வரை எட்டும் நுண்ணிய மின்சைகையை இரண்டு மின்முனைகளால் பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி.யின் அடிப்படையும் இதுவே. ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு வேறு வகை. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. வாட்ச் அந்த மாற்றத்தை எண்ணுகிறது.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். சைக்கிளில் ஏறினால்தான் சங்கதி வேறு. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கையில் மணிக்கட்டு மடங்குகிறது, தசைநார்கள் புடைக்கின்றன, வாட்ச்சுக்கும் தோலுக்கும் நடுவே சந்து விழுந்து வெளிச்சம் உள்ளே புகுகிறது. சாலையின் அதிர்வும் கைகளில்தான் இறங்குகிறது. இதனால் மேட்டில் நாக்குத் தள்ளும்போது வாட்ச் 110 என்று நிதானமாகச் சொல்லும். மேடு முடிந்து இளைப்பாறும்போது 160-க்குத் தாவும். அரை நிமிடம் முழு மூச்சாக மிதித்து ஒரு நிமிடம் தளர்வது போன்ற இடைவெளிப் பயிற்சியில் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. காலையில் கண் விழித்ததும் ஓய்வுத் துடிப்பைப் பார்க்க வாட்ச் தாராளமாகப் போதும்.

நெஞ்சுப்பட்டை புதிதல்ல. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனாயாகாங்கஸ், பனிச்சறுக்கு வீரர்களின் துடிப்பை ஓட்டத்தின் நடுவிலேயே அறிய வேண்டும் என்ற தேவையிலிருந்து 1977-இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பியில்லாமல் மணிக்கட்டுக்கு எண்ணை அனுப்பும் அதன் கருவி 1982-இல் வந்தது. இன்றைய அடிப்படைப் பட்டையும் செய்வது அந்த வேலையையே. இதற்குத் திரை கிடையாது. எண்ணைப் போனிலோ ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரிலோ பார்க்க வேண்டும். திரை இல்லையே என்று யோசிக்க வேண்டியதில்லை, ஓட்டும்போது கண் போகும் இடம் ஹேண்டில்பார்தான்.

வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு. ப்ளூடூத், ஏஎன்டி பிளஸ் (ANT+) என்ற கம்பியில்லா இணைப்புகள் இரண்டும் உள்ள பட்டையே எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். போன் ஆப்களுக்கு ப்ளூடூத் வேண்டும். சைக்கிள் கம்ப்யூட்டர்களில் நெடுநாளாகப் புழங்குவது ஏஎன்டி பிளஸ். எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் அதை ஒரே நேரத்தில் கேட்கலாம். விலை மலிவான பல பட்டைகளில் ப்ளூடூத் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். போலார் எச்9, வாஹூ டிக்கர், கூஸ்போ எச்6, மஜீன் எச்64 ஆகியவை இரண்டு இணைப்பும் உள்ள எளிய மாடல்கள். எச்9-க்கு மேலுள்ள எச்10 ஒரு பயிற்சியைத் தானே பதிவு செய்து வைக்கும். போன் கையில் இல்லாமல் நீந்துபவருக்கு அது உதவும். சைக்கிள்காரருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண்.

அடுத்தது பட்டையும் பேட்டரியும். நடுவிலுள்ள கருவி நீடித்து உழைக்கும், எலாஸ்டிக் பட்டைதான் முதலில் தளரும். அது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிஆர்2032 பட்டன் செல் போடும் மாடலென்றால், சின்ன ஊர்க் கடையிலும் செல் வாங்கிக் காசாலேயே மூடியைத் திறந்து மாற்றிவிடலாம். மின்முனைகளைத் தண்ணீரால் நனைத்துக் கட்ட வேண்டும். உலர்ந்த தோலில் முதல் சில நிமிடம் எண் கண்டபடி தாவும். தொளதொளவென்ற பாலியஸ்டர் சட்டை காற்றில் படபடத்தால் எழும் நிலைமின்சாரமும் இதே கோளாறைச் செய்யும். வீடு திரும்பியதும் கருவியைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலச வேண்டும். கழற்றாமல் விட்டால் ஈரப் பட்டை உடம்பில் இருப்பதாக எண்ணிக் கருவி ஓடிக்கொண்டே இருந்து செல்லைத் தீர்த்துவிடும். அலசாமல் விட்டால் வியர்வை உப்பு மின்முனையை அரிக்கும்.

கோடையில் நெஞ்சில் வேர்க்குரு படர்பவர்களுக்குப் பட்டை பெருந்தொல்லை. அவர்கள் முழங்கைக்குக் கீழேயோ மேற்கையிலோ கட்டும் ஒளிப் பட்டையைப் பார்க்கலாம். அங்கே சதை அதிகம், அசைவு குறைவு. மணிக்கட்டை விட நம்பகமாக எண்ணும். அடிக்கடி சார்ஜ் போடுவது மட்டும் கூடுதல் வேலை.

கருவியை விட அதிகம் ஏமாற்றுவது அதனோடு வரும் கணக்கு. பெரும்பாலான ஆப்கள் 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை முடிவு செய்துகொள்கின்றன. 2001-இல் தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் தந்த சூத்திரம் 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். 60 வயதில் முதலாவது 160, இரண்டாவது 166. இரண்டுமே சராசரிதான், தனி ஒருவருக்குப் பத்து, பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் போகும். அதனால் உச்சத் துடிப்பையும், பயிற்சியின் கடுமையைத் துடிப்பு வாரியாகப் பிரிக்கும் மண்டலங்களையும் கையால் மாற்ற இடம் தராத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்க வேண்டியதே. நன்கு பழகியவர், சமதளச் சாலையில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தில் தனியாக ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுத்து அதிலிருந்து மண்டலங்களைப் பிரிப்பது சூத்திரத்தை விட மேல்.

நகரி, திருத்தணி பக்கத்து வெயிலில் இந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மே மாதத்தில் இங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது, வியர்வையால் ரத்தத்தின் நீர் குறைகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் அளவு சுருங்குகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. ஒரே சீராக மிதித்தாலும் இரண்டாவது மணி நேரத்தில் துடிப்பு பத்து, பதினைந்து கூடுவது இதனால்தான். விசைத்தறியில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் சைக்கிளை எடுப்பவருக்கும் எண் வழக்கம்போல் இருக்காது. ஆகவே ஒரு நாளின் எண்ணை இன்னொரு நாளோடு ஒப்பிடுவதென்றால் அதே சாலை, அதே விடியற்காலை, அதே அளவு தூக்கம் இருக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் எதுவும் பொருந்தாது; அம்மருந்துகள் துடிப்பை வேண்டுமென்றே அடக்கி வைப்பவை. அவர்களும், நெஞ்சுவலியோ சர்க்கரை நோயோ உள்ள நடுவயதினரும், திருப்பதி சுவிம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இதயப் பிரிவுள்ள மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் டிரெட்மில் சோதனை செய்துகொண்டு, அதில் கிடைக்கும் வரம்பையே ஆப்பில் பதிய வேண்டும். நெஞ்சுப்பட்டை துடிப்பை எண்ணுமே தவிர மாரடைப்பைக் கண்டுபிடிக்காது.