ஓரக்கல்லில் மோதிய கார்

சிறுபாலத்தின் ஓரக்கல்லில் காரின் முன்சக்கரம் மோதிவிட்டால், "வண்டிதான் ஓடுகிறதே" என்று நாம் பிரயாணத்தைத் தொடர்தல் ஆகாது. வண்டியை நிறுத்தி, முதலில் டயரின் பக்கச்சுவரை நோக்குதல் வேண்டும். அங்கே புடைப்பு இருப்பின், உள்ளிழைகள் அறுந்துள்ளன என்பது பொருள்; டயர் எந்நேரமும் வெடிக்கலாம். உடனே ஸ்டெப்னியை மாட்டுதல் அவசியம்.

அடுத்து, இரு முன்சக்கரங்களையும் ஒப்பிடுவோம். மோதிய சக்கரம் மட்டும் பின்னுக்குத் தள்ளியோ சாய்ந்தோ நின்றால், அதைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கக்கூடும். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்பின், டை ராடையும் சோதிக்க வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவும் சேதத்தின் அடையாளமே.

வளைந்த உறுப்புகளைக் காய்ச்சி நிமிர்த்தினால் உறுதி குன்றும். பின்னொரு நாள் ஓட்டத்திலேயே ஒடியக்கூடும். ஆதலின் அவற்றை மாற்றிய பின்னரே வீல் அலைன்மென்ட் செய்விப்போமாக. சிக்கனம் உயிரினும் பெரிதன்று. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பாலத்து ஓரக்கற்களுக்கு வெள்ளையடித்து வைப்பின், இரவில் மோதலையே பெரிதும் தவிர்க்கலாம்.