திரைக்குப் பின்னே – 9: திருப்பிப் போட்ட மின்கலம்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் ஒரு கறுப்புப் படத்தைத் திறந்து பாருங்கள். எல்.சி.டி. திரையாக இருந்தால் கறுப்பு லேசாகச் சாம்பல் பூத்துத் தெரியும். பின்னால் எரியும் விளக்கை முழுசாக மறைக்க அதனால் முடியாது. ஓலெட் திரை என்றால் போன் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அங்கே மறைப்பதற்கு விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது.

அந்தக் கும்மிருட்டுக்கு வழி செய்தவர் சிங் டாங். 1947ல் ஹாங்காங்கில் பிறந்தவர். கனடாவில் பட்டம், 1975ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வேதியியலில் பி.எச்டி. இயற்பியலாளரா, வேதியியலாளரா என்றால், இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. அதே ஆண்டு ராச்செஸ்டர் நகரில் கோடக் கம்பெனியில் சேர்ந்தார். அதே 1975ல் அதே கம்பெனியில்தான் ஸ்டீவன் சாசன் என்ற இன்ஜினீயர் டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியைச் செய்து முடித்தார்.

கோடக் சாயத்தில் ஊறிய கம்பெனி. கலர் பிலிமே சாயம்தானே! டாங் அந்த மாதிரிச் சாயப் பொருள்களை வைத்துச் சூரிய மின்கலம் செய்யப் பார்த்தார். ஒரே பொருளை நம்பாமல் இரண்டை அடுக்கினார். 1986ல் வெளியான அந்த மின்கலம், விழுந்த வெளிச்சத்தில் சுமார் 1 சதவீதத்தை மின்சாரமாக்கியது.

வெளிச்சம் விழுந்தால் மின்சாரம் வரும் என்றால், மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் வராதா? ஆந்த்ரசீன் படிகத்தில் 1960களிலேயே வரவழைத்திருந்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் கேட்டது. டாங்கும் சக ஆய்வாளர் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இங்கேயும் இரட்டை அடுக்கையே கையாண்டார்கள். ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான், மறுபக்கத்திலிருந்து எலக்ட்ரான் இல்லாத 'துளை'. இரண்டும் நடு எல்லையில் சந்தித்தால் பச்சை ஒளி. எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும் உலோகம் மக்னீசியம், ஆனால் காற்று பட்டால் கெட்டுவிடும். கொஞ்சம் வெள்ளியைச் சேர்த்தார்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்து தலைமுடிக் கனத்தில் ஐந்நூறில் ஒரு பங்குதான். 1987ல் கட்டுரை வந்தது: 10 வோல்ட்டுக்கும் குறைவு!

கோடக் என்றாலே கையில் இருந்ததைக் கோட்டைவிட்ட கம்பெனி என்று மேனேஜ்மென்ட் வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. வேலைக்குச் சேர்ந்து 12 வருஷம் கழித்து இப்படி ஒரு கட்டுரை எழுத எத்தனை முதலாளிகள் விட்டுவைப்பார்கள்? 2003ல் கோடக் விற்ற ஒரு டிஜிட்டல் கேமராவின் முதுகில் ஓலெட் திரை இருந்தது. 1975ல் அந்த வீட்டில் இருந்த இரண்டு பேரின் உழைப்பும் ஒரே உள்ளங்கையில். விலைபோனதா என்பது வேறு சங்கதி.

2006ல் டாங் கோடக்கை விட்டு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஊர் மாறவில்லை. கோடக்கை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் வாரிக் கொடுத்த பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழகம் அது. 2009ல் ஓலெட் தொழிலைக் கோடக் எல்.ஜி.க்கு விற்றது, 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது. அடுத்த வருஷம் டாங், பிறந்த ஹாங்காங்கிலேயே பாடம் நடத்தப் போனார்.

டாங்கின் முதல் விளக்கு பச்சை. டிவிக்குச் சிவப்பும் நீலமும் வேண்டும். அதில் நீலம் மட்டும் ஏன் சீக்கிரம் சோர்ந்துபோகிறது?

(அடுத்த வாரம்)