வழுக்கும் வரை வழுக்கட்டும்

பௌலிங்கில் ஒரே வீச்சில் பத்துப் பின்களும் சாய்ந்தால் அது ஸ்ட்ரைக். வலக்கை ஆட்டக்காரர் அதைக் கச்சிதமாகப் போடும்போது பந்து நேரடியாகத் தொடுவது நான்கே பின்களைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று இடித்துச் சாய்த்துவிடும். அதற்குப் பந்து நட்டநேராக வந்தால் போதாது. முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவிலுள்ள இடுக்கில், ஏறக்குறைய 6 டிகிரி சாய்வில் நுழைய வேண்டும். பந்து உருளும் தடமான லேனின் அகலமோ மூன்றரை அடிகூட இல்லை. நேராக எறிந்து அந்தச் சாய்வைப் பெற இடமே கிடையாது. போகிற வழியில் பந்து வளைந்துதான் ஆக வேண்டும்.

வளைவு கை கொடுக்கும் சுழற்சியில் இருக்கிறது என்பார்கள். பாதிதான் உண்மை. மீதி தரையில் இருக்கிறது. ஆட்டம் தொடங்குமுன் ஓர் இயந்திரம் லேன்மீது ஊர்ந்து போய் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசிவிட்டு வரும். மேப்பிள், பைன் பலகைகள் தேயாமல் இருக்கத்தான் ஆதியில் எண்ணெய் பூசினார்கள். இன்று பெரும்பாலும் செயற்கைத் தளங்கள். ஆனாலும் எண்ணெய் போகவில்லை. ஆட்டம் சுலபமா கடினமா என்பதை இப்போது அதுதான் முடிவு செய்கிறது. எறியும் கோட்டிலிருந்து முதல் பின்வரை 60 அடி. சாதாரண அரங்குகளில் 40 அடி வாக்கில் பூச்சு நின்றுவிடும். அப்பால் உலர்ந்த தரை. அமெரிக்க இயற்பியலாளர் கிளிஃப் ஃப்ரோலிக் 2004-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், எண்ணெய்ப் பகுதியின் உராய்வுக் கெழு 0.04, உலர்ந்த பகுதியினுடையது 0.2 என்று கணக்கில் கொள்கிறார். ஐந்து மடங்கு வித்தியாசம். பந்து முதலில் வழுக்குகிறது, உலர்ந்த இடம் வந்ததும் பிடி கிடைத்து வளைகிறது, கடைசியில் உருள்கிறது. எல்லாம் சுமார் இரண்டரை விநாடிக்குள்.

பழைய பாலியெஸ்டர் பந்துக்கு அந்தப் பிடிமானம் குறைவு. 1980களில் பரவிய யூரித்தேன் பந்து கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்தபோதுதான் நிலைமை தலைகீழானது. யூரித்தேனோடு வேறு சில பொருள்களைச் சேர்த்து வார்க்கும் இந்தப் பந்தின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எண்ணெயில் வழுக்கும், ஆனால் உலர்ந்த இடத்தைத் தொட்டதும் வெடுக்கென்று திரும்பும். அமெரிக்காவில் 300 புள்ளிக்கு 300 எடுத்த அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்கள் 1968–69 பருவத்தில் 905, 1998–99-ல் 34,470. முழுப் பெருமையையும் பந்துக்கே கொடுத்துவிட முடியாது. எண்ணெய் பூசும் முறையும் ஆட்டக்காரருக்கு வசதியாக மாறிக்கொண்டு வந்தது.

அந்த வசதி இப்படி: நடுவில் எண்ணெய் கொழகொழவென்று இருக்கும், ஓரங்களில் பெயருக்குத்தான் இருக்கும். வலக்கைக்காரர் குறி தவறி வலப்புறம் எறிந்தால் உலர்ந்த ஓரம் பந்தை உள்ளே திருப்பி அனுப்பும். இடப்புறம் தவறினால் நடு எண்ணெய் அதை மேலும் திரும்பவிடாமல் தாங்கும். இரண்டு தவறுக்கும் மன்னிப்பு. அமெரிக்க ஓபன் போட்டியில் இந்தச் சலுகை கிடையாது; இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எண்ணெய் கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். உள்ளூர் அரங்கில் கொடிகட்டிப் பறப்பவர்கள் அங்கே திணறுவதில் வியப்பில்லை.

பந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். எண்ணெய் அதிகமுள்ள லேனுக்கு, 500 போன்ற கரகரப்பான எண்ணுள்ள தேய்ப்புத்தாளால் மினுமினுப்பை எடுத்த மங்கலான பந்து வேண்டும். மழைச் சாலையில் வரிப்பள்ளமுள்ள டயர் பிடிப்பதுபோல அது எண்ணெயை மீறித் தரையைப் பிடிக்கும். அதே பந்தை உலர்ந்த லேனில் விட்டால் இன்னும் நன்றாக வளையும், இன்னும் பலமாக அடிக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு வளைவதற்கான சக்தியைச் செலவழித்துவிட்டு, பின்களிடம் சோர்ந்துபோய் வரும்; மூலையில் ஒரு பின் அசையாமல் நிற்கும். உலர்ந்த லேனுக்கு பாலிஷ் போட்ட பளபளப்பான பந்துதான் சரி. வழுக்க வேண்டிய தூரம் வழுக்கினால்தான் கடைசியில் அடிக்கத் தெம்பு இருக்கும்.

எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு ஆட்டக்காரர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. எண்ணெய்ப் பூச்சின் நீளத்தில் 31-ஐக் கழி. வருகிற எண்தான் வலது ஓரத்திலிருந்து எண்ணவேண்டிய பலகை. லேனின் குறுக்கே மொத்தம் 39 பலகைகள். பூச்சு 40 அடி என்றால் ஒன்பதாம் பலகை அருகே பந்து எண்ணெயை விட்டு வெளியேற வேண்டும். 35 அடி என்றால் நான்காம் பலகை. லேன் ஓரத்துப் பள்ளத்தை உரசிக்கொண்டு ஆட வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான பிபிஏ தன் பூச்சு வகைகளுக்கு விலங்குப் பெயர் வைத்திருக்கிறது: சீட்டா குட்டையானது, ஷார்க் நீளமானது.

கணக்குப் போட்டு ஆடத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். திரும்பி வந்த ரியாக்டிவ் பந்தைக் கையில் எடுத்தால், மேலே மெல்லிய எண்ணெய் வளையங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளையம். உள்ளே இருக்கும் கனமான கரு பந்தின் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதால் ஒவ்வொரு சுற்றிலும் காய்ந்த புதுப் பரப்பு தரையில் படுகிறது. ஆட்டக்காரர் துண்டால் துடைப்பார். துடைக்குமுன் கொஞ்சம் எண்ணெய் துளைகளுக்குள் இறங்கியிருக்கும். அதாவது, ஒவ்வொரு வீச்சும் லேனிலிருந்து எண்ணெயைத் திருடுகிறது. முதல் ஆட்டத்தில் பொன்னாக இருந்த பாதை மூன்றாம் ஆட்டத்தில் உலர்ந்துவிட, பந்து முன்கூட்டியே திரும்பும். அப்போது இடப்புறம் நகர்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பளபளப்பான பந்துக்கு மாற வேண்டும். குடித்த எண்ணெய் பந்தையும் நாளடைவில் மந்தமாக்கும். வெந்நீரில் ஊறவைத்து அதை வெளியேற்றுவது பழக்கமான வைத்தியம்.

பிடிமானத்துக்காக மனிதர்கள் எதையும் செய்வார்கள். 1973-ல் டான் மெக்கூன் என்ற அமெரிக்கர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். அந்த ஆண்டு ஆறு பட்டங்கள் வென்று பிபிஏவின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். பந்து இவ்வளவு கடினமாக இருந்தே ஆகவேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது.

இத்தனை நுட்பமும் முதல் வீச்சுக்குத்தான். வலது மூலையில் பத்தாம் பின் ஒன்று மட்டும் நின்றுவிட்டால், தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் விலையுயர்ந்த ரியாக்டிவ் பந்தை ஓரம்வைத்துவிட்டு மலிவான பாலியெஸ்டர் பந்தை எடுக்கிறார்கள். எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பெரிதாக வளையாமல் நேரே போய் அந்த ஒன்றைத் தட்டிவிடும்.