கதீட்டரின் மூட்டுகள்

இரத்தக்குழாய்க்குள் செலுத்தப்படும் கதீட்டர் பார்வைக்கு ஒரே குழாயாகத் தெரியும். உண்மையில் அது பல துண்டுகளை இணைத்துச் செய்தது. மருத்துவர் கையில் பிடிக்கும் பின்முனை பெரும்பாலும் கடினமான பாலிகார்பனேட்; உள்ளே போகும் தண்டு வளைந்துகொடுக்கும் பாலியூரிதேன் அல்லது நைலான் வகை. சிலவற்றில் பலூனும், எக்ஸ்ரேயில் தெரியும் உலோக வளையமும் சேரும். மூட்டு உடலுக்குள் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே ஐஎஸ்ஓ 10555-1 தரநிலை இழுவிசைக்கு வரம்பு வகுத்திருக்கிறது. வெளிவிட்டம் 1.85 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் குறைந்தது 15 நியூட்டன் தாங்க வேண்டும்.

இந்த மூட்டுகளை ஒட்டும் பசையைப் பற்றி யோசிக்கும் முன் பிளாஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். பிவிசி என்றால் பல நேரம் பசையே தேவைப்படாது. சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். பாலிஎத்திலீன் மேல் பசை பரவாமல் திரண்டு நிற்கும். அதன் பரப்பை பிளாஸ்மாவால் பக்குவப்படுத்தியாக வேண்டும். சிலிக்கோனுக்குச் சிலிக்கோன் பசைதான்.

உடனடிப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட், பரப்பில் படிந்த ஈரத்தாலேயே சில நொடிகளில் இறுகும். வேகம்தான் அதன் கவர்ச்சி. ஆனால் இறுகியபின் மொறுமொறுவென்று உடையக்கூடியது. மூட்டைச் சுற்றி வெண்பூச்சு படியவிடும். எப்பாக்சி இருட்டிலும் இறுகும், இடைவெளியை நிரப்பும், வலுவும் உண்டு. ஆனால் அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அல்லது சூடேற்ற வேண்டும். மெல்லிய பலூன் அந்தச் சூட்டைத் தாங்காமல் போகலாம்.

அதனால் பல தொழிற்சாலைகள் புற ஊதா ஒளியில் இறுகும் அக்ரிலேட் பசையை நாடுகின்றன. துண்டுகளைச் சரியாகப் பொருத்தும்வரை அது திரவமாகவே பொறுத்திருக்கும். ஒளி பட்டதும் நொடிகளில் கெட்டியாகும். சிக்கல், ஒளி உள்ளே போக வேண்டும் என்பது. பாலிகார்பனேட்டில் புற ஊதாத் தடுப்பான் கலந்திருந்தால் 365 நானோமீட்டர் ஒளி வெளிப்புறத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அங்கே 405 நானோமீட்டர் விளக்கும், அதற்கேற்ற பசையும் தேவை. உலோக வளையத்தின் நிழலில் எந்த ஒளியும் எட்டாது. அந்த இடத்துக்கு, மிச்சத்தை வெப்பத்தாலோ ஈரத்தாலோ இறுக்கும் இரட்டை வகைப் பசைதான் வழி. காற்றிலுள்ள ஆக்சிஜனும் குறுக்கிடும்: மேற்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

அரைகுறையாக இறுகிய பசை வலுக் குறைவானது மட்டுமல்ல. வினைபுரியாத மூலக்கூறுகள் அதிலிருந்து கசிந்து உடலுக்குள் போகலாம். திரவமாகவே தங்கினால் பாலிகார்பனேட்டில் விரிசலும் விழலாம். மூட்டு தொடுவதற்கு உலர்ந்திருப்பது உள்ளும் இறுகிவிட்டதற்குச் சான்றல்ல. விளக்குகள் நாளடைவில் மங்குவதால் ஒளியின் செறிவை மீட்டரில் அடிக்கடி அளக்கிறார்கள். இறுகிய பசை உடலுடன் ஒத்துப்போகிறதா என்பதை ஐஎஸ்ஓ 10993 வரிசைச் சோதனைகள் சொல்லும்.

ஒட்டிய கையோடு இழுத்துப் பார்த்துக் கிடைக்கும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. எத்திலீன் ஆக்சைடு வாயுவிலோ காமா கதிரிலோ கிருமிநீக்கம் செய்து, உடல் வெப்பநிலையில் நீரில் ஊறவைத்து, பிறகு இழுக்க வேண்டும். அப்போது கிடைக்கும் எண்ணை வைத்தே பசையைத் தேர்வு செய்கிறார்கள்.